பாய்சன், வெனம் ரெண்டுமே விஷம்தானா? தமிழ்ல இந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்றது?

சப்டைட்டில்காரி:
எல்லாருக்கும் வணக்கம். காட்டுயிர் பத்தின ஒரு இங்கிலீஷ் டாக்குமெண்டரிக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுட்டு இருக்கேன். அதுல கொலம்பியா காட்டுல இருக்குற ஒரு மஞ்சள் தவளையக் காமிச்சு இது பாய்சனஸ், ஆனா வெனமஸ் இல்லைங்கிறாங்க, அடுத்த சீன்லயே ஒரு பாம்பு வருது, அதுக்கு அப்படியே உல்டா, வெனமஸ்தான் பாய்சனஸ் இல்லைங்கிறாங்க. நான் எப்படி எழுதுறது? "இந்தத் தவளை விஷமுள்ளது, ஆனால் விஷமுள்ளது அல்ல"ன்னா? டிக்‌ஷனரியப் புரட்டினா ரெண்டுக்கும் நஞ்சு, விஷம், விடம்னு அதே மூணு வார்த்தையத்தான் மாத்தி மாத்திப் போட்டிருக்கு. எனக்கு சமச்சொல் வேணாம், அது இருக்கு. எந்த இடத்துல எது வரும், ஏன் வரும்னு புரியணும், அது புரிஞ்சா வரிய நானே எழுதிக்குவேன்.

பயாலஜி_வாத்தியார்:
இங்கிலீஷ்ல விலங்கியல்காரங்க வச்சிருக்குற கணக்கு இதுதாங்க: அது உங்களக் கடிச்சோ கொட்டியோ குத்தியோ காயம் பண்ணி அந்தக் காயத்து வழியா உள்ள ஏத்துச்சுன்னா வெனம். நீங்க அதைத் தின்னு, குடிச்சு, மோந்து, இல்ல தொட்டு அது உள்ள போச்சுன்னா பாய்சன்.

உதாரணத்துக்கு வெளிநாட்டுத் தவளை வரைக்கும் போக வேணாம், நம்ம மீன் மார்க்கெட்டுக்குப் போங்க. திருக்கை இருக்கே, அதோட வால்ல ரம்பம் மாதிரி ஒரு முள்ளு, அந்த முள்ளுல வெனம் இருக்கு, வலையிலேர்ந்து எடுக்கும்போது கையில கால்ல குத்தினா ஆளு துடிச்சுப் போவாங்க. ஆனா அதே திருக்கையத்தான் பூண்டு நிறையத் தட்டிப் போட்டு குழம்பு வச்சு பிள்ள பெத்தவளுக்குக் குடுக்குறோம். குத்தினா விஷம், தின்னா உணவு. நன்னீர்ல தேளி மீனும் இப்படித்தான், அதோட பக்கத்துத் துடுப்பு முள்ளு குத்தினா தேள் கொட்டின மாதிரி கடுக்கும், பேரே அதனாலதான் வந்திருக்கணும், ஆனா தேளிய விரும்பி வாங்கிச் சாப்பிடுறவங்க நிறையப் பேரு. இது ரெண்டும் வெனமஸ்.

இப்போ பேத்தை மீனைப் பாருங்க, பயந்தா பந்து மாதிரி ஊதிக்குமே அது. அதுக்கு விஷ முள்ளும் கிடையாது, கொட்டவும் கொட்டாது. ஆனா அதோட ஈரலும் சினையும் ஆளைக் கொல்லும், டெட்ரோடோடாக்சின்னு பேரு. அது பாய்சனஸ்.

இன்னொண்ணு கவனிங்க. திருக்கையோட வெனம் பெரும்பாலும் புரதம், சூடு பட்டா கெட்டுப் போயிடும். அதனாலதான் திருக்கை குத்தினா தாங்குற அளவு வெந்நீர்ல காலை முக்கி வைக்கச் சொல்றாங்க, சுமார் 45 டிகிரி, தோல் வெந்துடாம பாத்துக்கணும், வலி நல்லா குறையும். பேத்தையோட விஷம் புரதம் இல்ல, சின்ன மூலக்கூறு, நீங்க எவ்வளவு நேரம் அடுப்புல வச்சுக் கொதிக்க வச்சாலும் அது பாட்டுக்கு இருக்கும். ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இவ்வளவு தூரம் இருக்கு.

வயக்காடு:
அப்போ பாம்பு விஷத்தை குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்களா? எங்க ஊர்ல அப்படி ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது.

பயாலஜி_வாத்தியார்:
வயித்துக்குள்ள போற பாம்பு வெனத்துல பெரும்பகுதி கறி முட்டை செரிக்கிற மாதிரியே செரிச்சுப் போயிடும், அது உண்மைதான். ஆனா உதட்டுல ஒரு வெடிப்பு, ஈறுல ஒரு புண்ணு, வயித்துல அல்சர்னு எதாவது இருந்தா அதுவே கடிவாய் ஆயிடும், நமக்கு உள்ள எங்க புண்ணு இருக்குன்னு நமக்கே தெரியாது. அதனால யாரும் இதை சோதிச்சுப் பாக்கக் கூடாது, வாயை வச்சு உறிஞ்சி எடுக்குறேன்னு கிளம்புறவங்களுக்கும் இதேதான், உறிஞ்சினா வெளிய வராது, உறிஞ்சுறவருக்கும் ஆபத்து.

யாழ்_வாசகன்:
வாத்தியார் சொன்னது நல்ல விளக்கம். ஆனா ஒரு இடத்தில எனக்கு முட்டுது. அந்தக் கொலம்பியாத் தவளையின்ர முதுகில அம்பு முனையைத் தேய்ச்சுப் போட்டு, எம்பேரா எண்ட பழங்குடியள் ஊதுகுழலால அடிச்சு வேட்டையாடுறவை. அம்பு குத்தி இரத்தத்துக்குள்ள போகுது, வாயால போகேல்லை. அப்ப அது வெனம் எண்டுதானே வரவேணும்? ஆனா ஆங்கிலத்தில அதையும் பாய்சன் எண்டுதான் எழுதுறாங்கள். தென்னமெரிக்காவில குராரே எண்டு இன்னொண்டு இருக்கு, கொடியில இருந்து காய்ச்சி எடுக்கிறது, அதுவும் அம்பில பூசுறதுதான். அதைவிட விசேஷம், குராரே பூசின அம்பால விழுந்த மிருகத்தைச் சமைச்சுச் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது, வயித்துக்குள்ளால இரத்தத்தில சேராது. குத்தினால் சாவு, திண்டால் சாப்பாடு. நீங்கள் திருக்கைக்குச் சொன்னது முழுக்க இதுக்கும் பொருந்துது, ஆனா பேர் மட்டும் பாய்சன். எனக்கு இது விளங்கேல்லை.

பயாலஜி_வாத்தியார்:
இந்த இடத்துலதான் நிறைய பேரு நழுவுறாங்க, நல்ல வேளையா கேட்டீங்க. கடிச்சா வெனம் தின்னா பாய்சன்ங்கிறது சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்ற முதல் பாடம், அதுல ஒண்ணு விட்டுப் போச்சு, யாரு ஏத்துறாங்கங்கிறது. வெனம்னா அந்த உயிரே தன் உடம்புல சுரந்து, தன் உடம்புல இருக்குற பல்லு, கொடுக்கு, முள்ளு எதையாவது வச்சு, தானே உள்ள செலுத்தணும். தவளைகிட்ட ஊசி இல்ல. ஊசி மனுஷன் கையில. குராரே கொடியும் போய் யாரையும் குத்துறதில்ல. மனுஷன் எடுத்துக் காய்ச்சிப் பூசி அடிச்சதால அது வெனம் ஆயிடாது.

குராரேக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கு. 1942-ல கனடாவுல மாண்ட்ரியால்ல அதை மயக்க மருந்தோட சேத்து ஆபரேஷன்ல தசையத் தளர்த்தக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் மயக்கவியலே மாறிப் போச்சு.

அந்த மஞ்சள் தவளை பத்தியும் ஒரு தகவல். அது தன் விஷத்தை தானா செய்யறதில்ல, தின்னுற பூச்சிலேர்ந்துதான் சேக்குதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கண்ணாடித் தொட்டியில பொறந்து வேற தீனி தின்னு வளர்ந்த அதே தவளைகிட்ட விஷம் இருக்காது. பாம்பு அப்படி இல்ல, எங்க வளத்தாலும் சுரக்கும்.

நைட்_ட்யூட்டி:
நான் அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில நர்ஸு. இந்த வித்தியாசம் எங்களுக்கு புத்தகத்துல இருக்குற விஷயம் இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோல தூக்கிட்டு வருவாங்க, கூட வர்றவங்க எல்லாரும் ஒரே நேரத்துல "சிஸ்டர் விஷம் ஏறிடுச்சு சிஸ்டர்"னு கத்துவாங்க, அந்த விஷம்ங்கிற வார்த்தைய வச்சு எங்களால ஒண்ணுமே செய்ய முடியாது. நாங்க முதல்ல கேக்குறது "கடிச்சதா, குடிச்சதா?" இந்த ரெண்டே வார்த்தைதான். அதுக்கப்புறம் ரெண்டும் வேற வேற வழி.

குடிச்சதுன்னா என்ன டப்பா, டப்பா எங்க, எத்தனை மணிக்குன்னு போகும். பூச்சிமருந்துல ஒரு வகைன்னா அட்ரோபின், பாரசிட்டமால் அதிகமாப் போச்சுன்னா அதுக்கு வேற மருந்து, வயித்தக் கழுவுறதா கரி குடுக்குறதான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். ஒவ்வொரு பாய்சனுக்கும் ஒரு கதை. அதனாலதான் டப்பாவைக் கையோட எடுத்துட்டு வாங்கன்னு கெஞ்சுறோம்.

கடிச்சதுன்னா பாம்பு என்னன்னு தெரியலைன்னாலும் பரவால்ல, பாம்பைத் தேடி அடிச்சுக் கொண்டு வர்றேன்னு நேரத்தைப் போக்காதீங்க. எங்ககிட்ட ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. நரம்புலேர்ந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதுசா சுத்தமா ஈரம் இல்லாத கண்ணாடிக் குழாயில விட்டு, அசைக்காம அப்படியே 20 நிமிஷம் வச்சிருவோம். கண்ணாடியாத்தான் இருக்கணும், பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவின குழாயும் ஆகாது, ரெண்டுமே உறையறதக் கெடுத்துடும். 20 நிமிஷம் கழிச்சு ஒரு தடவ சாய்ச்சுப் பாக்கணும். நல்ல ரத்தம்னா ஜெல்லி மாதிரி கட்டியா அடியில நிக்கும். தண்ணி மாதிரி சரிஞ்சு ஓடி வந்துச்சுன்னா வெனம் ரத்தத்துல சேந்துடுச்சு, பெரும்பாலும் கண்ணாடி விரியன் இல்ல சுருட்டை விரியன், உடனே ஏஎஸ்வி, அதாவது பாம்பு விஷ முறிவு மருந்து, ஏத்த ஆரம்பிப்போம். உறைஞ்சிருந்தா அதோட விட்டுடறதில்ல, நல்லபாம்பும் கட்டுவிரியனும் ரத்தத்துல காட்டாது, கண்ணு இமை சொக்குதா, முழுங்க முடியுதா, மூச்சு எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே இருப்போம். அந்த 20 நிமிஷமும் சொந்தக்காரங்க "ஏன் சும்மா நிக்கிறீங்க"ன்னு சண்டை போடுவாங்க, அவங்க பயம் புரியுது, ஆனா நாங்க சும்மா நிக்கல.

வயக்காடு:
சிஸ்டர் சொல்ற "கடிச்சதா குடிச்சதா"வப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேருதான் இருக்குன்னு சப்டைட்டில்காரி வருத்தப்பட்டாங்க, ஆனா நாம குழம்புறதே இல்லையே, ஏன்னா நாம வித்தியாசத்தை வினையில வச்சிருக்கோம். பாம்பு தீண்டிச்சு, தேள் கொட்டிச்சு, கெளுத்தி முள்ளு குத்திச்சு, குளவி கொட்டிச்சு, பூரான் கடிச்சுது. அந்தப் பக்கம் விஷத்தைக் குடிச்சான், விஷக்காளான் தின்னுட்டான், சோத்துல விஷம் கலந்துடுச்சு. வெறும் விஷம்னு யாரும் தனியா சொல்ல மாட்டோம், கூட ஒரு வினை வந்துரும். பேர்ச்சொல்லே வேணும்னா விஷக்கடின்னு இருக்கு, விஷக்கடி வைத்தியம்னு அந்தக் காலத்துலேர்ந்து போர்டு இருக்கு, விஷக்கடின்னா யாரும் பூச்சிமருந்துன்னு நினைக்க மாட்டாங்க. இங்கிலீஷ்காரன் பேருக்குள்ள வச்சத நாம வினைக்குள்ள வச்சிருக்கோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சப்டைட்டில்காரி:
வயக்காடு அண்ணே, இது போதும் எனக்கு. நான் விஷமுள்ள, விஷமில்லாதன்னு பெயரடையவே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்ததாலதான் வரி நகரல. "இந்தத் தவளை கடிக்காது, கொட்டாது. தோலெல்லாம் விஷம்." பாம்புக்கு "இதன் விஷம் பல்லில்தான். கறியில் இல்லை." திரையில ரெண்டு வரிக்குள்ள நிக்குது, வாசிக்கவும் நேரம் இருக்கு. இழைய மூடிடாதீங்க, எனக்கு இன்னும் தெரிஞ்சுக்கணும், பேச்சுல மத்த இடத்துல எல்லாம் இந்த ரெண்டு வார்த்தையும் எப்படி வருது?

சட்டக்_கல்லூரி:
சட்டத்துல எப்படின்னு நான் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு ஒண்ணு இருக்கு. 1860-ம் வருஷ இந்திய தண்டனைச் சட்டத்துல 324-வது பிரிவு, ஆபத்தான ஆயுதத்தாலோ வழியாலோ காயம் ஏற்படுத்துறது பத்தினது. அதுல பாய்சன்னு ஒரு தடவ சொல்லிட்டு அதோட நிக்கல. சுவாசிச்சாலோ, விழுங்கினாலோ, ரத்தத்துல சேந்தாலோ உடம்புக்குக் கேடு பண்ற எந்தப் பொருளாலும்னு மூணு வழியையும் தனித்தனியா எழுதி, அதுக்கும் மேல எந்த மிருகத்தை வச்சுக் காயப்படுத்தினாலும்னு சேத்திருக்காங்க. வெனம்ங்கிற வார்த்தையே அந்தப் பிரிவுல கிடையாது, ஆனா ஒருத்தன் பாம்பை விட்டுக் கடிக்க வச்சாலும் தப்பிக்க முடியாது, பாம்பு விஷத்தை ஊசியில ஏத்தினாலும் தப்பிக்க முடியாது. பேரை நம்பாம வழிய எழுதி வச்ச அந்த வரைவு எவ்வளவு யோசிச்சு செஞ்சதுன்னு பாருங்க. 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு, அங்க 118-வது பிரிவா இதே வாசகம் தொடருது.

தோட்டத்துவீடு:
வித்தியாசம் பத்தி எல்லாரும் பேசுறீங்க, ஆனா பழைய இங்கிலீஷ்ல இது இவ்வளவு கறாரா இல்லைங்க. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல ஒரு இடத்துல பாம்போட பாய்சன்னு வரும், இன்னொரு இடத்துல அதே பாம்போட வெனம்னு வரும். நம்ம தமிழ் பைபிள் ரோமர் நிருபத்துல "அவர்களுடைய உதடுகளின்கீழே பாம்பின் விஷம் இருக்கிறது"ன்னு இருக்கே, அங்க இங்கிலீஷ்ல பாய்சன்தான். இன்னிக்கும் சாதாரணப் பேச்சுல பாய்சனஸ் ஸ்நேக்னு சொல்றவங்க ஏராளம், அவங்களை தப்பு தப்புன்னு திருத்துறது எனக்கு சரியாப் படல. பாய்சன்ங்கிறது பெரிய குடை, உடம்புக்குக் கேடு பண்ற எல்லாமே அதுக்குக் கீழ வந்துரும், ஈயம், ஆர்சனிக், கார் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு வரைக்கும். வெனம் அந்தக் குடைக்குள்ள ஒரு மூலை. விலங்கியல்காரங்கதான் பிற்பாடு அந்த மூலைக்கு வேலி போட்டு, இனிமே பாய்சன்னா மத்ததுன்னு ஒரு குறுகின அர்த்தமும் குடுத்தாங்க. ஒரே வார்த்தைக்கு பெரிய அர்த்தம் ஒண்ணு, சின்ன அர்த்தம் ஒண்ணு, சண்டை எல்லாம் அங்கேர்ந்துதான் வருது.

ரெண்டு வார்த்தையோட வேரையும் பாருங்க, அழகா இருக்கும். பாய்சன் வந்தது லத்தீன்ல போடியோங்கிற சொல்லுலேர்ந்து, அதுக்கு அர்த்தமே குடிக்கிறது, பானம். மருந்துக் கஷாயத்துக்கும் அதே சொல்தான், போஷன்னு இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கே, அது இதோட கூடப் பொறந்தது. அதனால குடிச்சதுன்னா பாய்சன்னு ஞாபகம் வச்சுக்கலாம். வெனம் வந்தது வெனேனும்ங்கிற சொல்லுலேர்ந்து, அது வீனஸ்ங்கிற காதல் தெய்வத்தோட சொந்தம், முதல்ல வசிய மருந்துன்னு அர்த்தம் இருந்து அப்புறம் விஷம் ஆச்சுன்னு சொல்றாங்க. வேர்ல ரெண்டுமே குடிக்கிற சமாச்சாரம், பாம்புக்கு ஒண்ணு ஒதுங்கினது பின்னால.

சித்தமருந்து:
நம்ம பக்கம் பழைய வைத்தியத்துல பிரிச்ச விதமே வேற. ஆயுர்வேதத்துல சுஸ்ருதர் வழியில ஸ்தாவர விஷம், ஜங்கம விஷம்னு பிரிப்பாங்க. அசையாததுலேர்ந்து வர்றது ஒண்ணு, செடி, வேர், கல், உலோகம் எல்லாம் அதுல. அசையுறதுலேர்ந்து வர்றது இன்னொண்ணு, பாம்பு, தேள், சிலந்தி எல்லாம் அதுல. சித்த வைத்தியத்துல கல் உப்பு வகை விஷத்துக்கு பாடாணம்னே தனிப் பேரு, 64 வகைன்னு கணக்கு சொல்வாங்க, அதுல பாதி பொறவிப் பாடாணம், பாதி வைப்புப் பாடாணம், அதாவது செஞ்சு எடுக்குறது. இதுல இங்கிலீஷ் கணக்கும் நம்ம கணக்கும் இடிக்கிற இடம் பேத்தை மீன். அசையுற உயிரு, அதனால நம்ம கணக்குல ஜங்கமம். கொட்டாது, அதனால அவங்க கணக்குல வெனம் இல்ல. இவங்க எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க, அவங்க எப்படி உள்ள போச்சுன்னு கேக்குறாங்க. எதைக் கேக்குறோமோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் பேரு அமையும்.

செங்காந்தளையும் இதுல சேத்துக்கோங்க, நம்ம மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கம்பி கட்டி கொடி ஏத்தி வெளைய வச்சு விதை எடுக்குறாங்க. கிழங்கு கடும் விஷம், விதையும் அப்படித்தான், அதுல இருக்குற கோல்ச்சிசின்தான் வாத மூட்டு வலிக்கு மருந்தாப் போகுது. ஊமத்தைக் குடும்பத்துல கிடைக்கிற அட்ரோபின்தான் சிஸ்டர் சொன்ன பூச்சிமருந்துக்கு முறிவு. அளவுதான் விஷம் எது மருந்து எதுன்னு தீர்மானிக்குதுன்னு பாராசெல்சஸ் 16-ம் நூற்றாண்டுல சொன்னது இன்னிக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு.

தோட்டத்துவீடு:
அரளிய மறந்துட்டீங்களே. நேஷனல் ஹைவேஸ் நடுவுல வரிசையா வச்சிருக்காங்க, ஆடு மாடு வாய் வைக்காதுங்கிறதும் ஒரு காரணம். கேரளாவுல 2024 மே மாசம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டு ரெண்டும் நைவேத்தியம், பிரசாதத்துல அரளிப்பூ கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. பூஜைக்கு வேற விதமாப் பயன்படுத்தலாம், வாய்க்குப் போற எதுலயும் கூடாதுங்கிறதுதான் சாரம், அதாவது பாய்சன் கணக்குல சரியா யோசிச்சு எடுத்த முடிவு.

கோவை_கேள்வி:
எனக்கு ஒரு சந்தேகம். நல்லபாம்புல எச்சில் மாதிரி துப்புற வகை ஆப்பிரிக்காவுல இருக்கே, அது கண்ணுல படுது, காயம் இல்ல, கடிக்கல, ஆனா பாம்பு தானே அனுப்புது. அது எதுல சேரும்? ரெண்டும் சேந்த உயிர் எதாவது இருக்கா?

பயாலஜி_வாத்தியார்:
துப்புறதுக்குன்னே 2014-ல சில ஆராய்ச்சியாளருங்க டாக்சங்கன்னு மூணாவது வார்த்தைய முன்வச்சாங்க, உயிரே அனுப்புது ஆனா காயம் வழியா இல்ல, தெளிச்சோ பூசியோ அனுப்புதுன்னு. கட்டுரைகள்ல வருது, பொதுப் பேச்சுக்கு இன்னும் வரல. ரெண்டும் சேந்ததுக்கு ஜப்பான்ல ஒரு பாம்பு இருக்கு, ராப்டோஃபிஸ் டைக்ரினஸ். பின்பல்லுல வெனம் சுரக்குது. அது போக தேரையத் தின்னு அந்தத் தேரையோட விஷத்தை கழுத்துல இருக்குற சுரப்பியில சேத்து வச்சுக்குது, எதுவும் கழுத்தைக் கவ்வினா அந்த விஷம் வாயில இறங்கும். வெனமஸும் அதுதான், பாய்சனஸும் அதுதான். தேரை இல்லாத தீவுல வாழ்ற அதே பாம்புக்கு கழுத்துல அந்த விஷம் இல்லைன்னு 2007-ல எழுதியிருக்காங்க.

யாழ்_வாசகன்:
உருவகமாக் கதைக்கேக்க ரெண்டும் எப்பிடிப் பிரியுது எண்டதையும் பாப்பம். ஆங்கிலத்தில ஒருவர் வெனத்தோட கதைச்சார் எண்டால், ஆளைக் குறிவைச்சு, அந்த நேரத்தில, வெறுப்போட கொத்தினது எண்டு அர்த்தம். ஒருவர் உறவைப் பாய்சன் பண்ணிப்போட்டார் எண்டால் மெல்ல மெல்ல உள்ளுக்குள்ள கெடுத்தது, கெட்டது தெரியவே காலம் எடுக்கும். வயக்காடு சொன்ன வினைக் கணக்கு இஞ்சையும் அப்பிடியே வருது. முதலாவதுக்கு நாங்கள் "விஷம் கக்கினான்", "வார்த்தையால கொட்டினான்" எண்டுவம். ரெண்டாவதுக்கு "மனசில நஞ்சை விதைச்சான்", "நஞ்சு கலந்திட்டான்" எண்டுவம். கக்கிறதும் கொட்டிறதும் ஒரு பக்கம், கலக்கிறதும் விதைக்கிறதும் மற்றப் பக்கம். வள்ளுவரும் கள்ளுக்கு நஞ்சு எண்டேக்க "நஞ்சுண்பார் கள்ளுண் பவர்" எண்டு உண்கிற வினையோடதான் வைச்சிருக்கிறார்.

செங்கல்பட்டு_ஆளு:
வெனம் எங்கேர்ந்து மருந்து ஆகுதுன்னு யாரும் சொல்லல, நான் அந்தப் பக்கத்துக்காரன் சொல்லியே ஆகணும். ஈசிஆர்ல வடநெம்மேலியில முதலைப் பண்ணைக்குள்ளயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978-ல ஆரம்பிச்சது. மண்பானைக்குள்ள பாம்பை விட்டு வாயைத் துணியால கட்டி வச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணா எடுத்து, மேல சவ்வு இழுத்துக் கட்டின கண்ணாடி ஜாடி விளிம்புல கடிக்க விடுவாங்க, பல்லு சவ்வைக் குத்தினதும் உள்பக்கம் சொட்டு இறங்கும், நல்லபாம்போடது வெளிர் மஞ்சளா இருக்கும். சில வாரம் வச்சிருந்து எடுத்துட்டு அடையாளம் போட்டு காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த வெனத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்து கம்பெனிக்கு அனுப்ப, அவங்க குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துல உருவாகுற எதிர்ப்பொருளப் பிரிச்சு எடுத்தா அதுதான் ஏஎஸ்வி. நாட்டுக்கே போற வெனத்துல பெரும்பங்கு இவங்க கையால எடுத்தது. 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. இந்தியாவுல 2000-லேர்ந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு ஒரு ஆய்வு மதிப்பிட்டிருக்கு, வருஷத்துக்கு 58,000. ஏஎஸ்வி இல்லைன்னா இன்னும் எவ்வளவு போயிருக்கும்னு யோசிங்க. அந்தப் பானைக்குள்ள கை விடுறவங்களை இந்த நாடு இன்னும் நல்லா கவனிச்சுக்கணும்.

கோவை_கேள்வி:
அப்போ ஏஎஸ்வி எல்லா விஷக்கடிக்கும் கேக்குமா? தேள் கொட்டினதுக்கும் அதையே போடலாமா? பழைய புத்தகத்துல ஆன்டிவெனின்னு வேற போட்டிருக்கு, அது வேற மருந்தா?

நைட்_ட்யூட்டி:
வேற மருந்து இல்ல, அதேதான். ஆன்டிவெனின்ங்கிறது பிரெஞ்சு வழி வந்த பேரு, இங்கிலீஷ்ல இனிமே வெனம், ஆன்டிவெனம்னே எழுதலாம்னு உலக சுகாதார நிறுவனம் 1981-லயே முடிவு பண்ணிருச்சு.

எல்லாக் கடிக்கும் கேக்காது. நம்ம ஏஎஸ்வி நாலு பாம்போட வெனத்தை வச்சு செஞ்சது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மத்த பாம்புக்கு அது சரியா வேலை செய்யறதில்ல. தேளுக்கு அது பிரயோஜனமே இல்ல. செந்தேள் கொட்டி உடம்பு வேர்த்து ஊத்தி, கை கால் சில்லிட்டு, இதயம் பாதிக்கிற கேஸுக்கு பிரசோசின்னு ஒரு பிரஷர் மாத்திரை, மகாராஷ்டிராவுல மஹாட்ங்கிற ஊர்ல டாக்டர் பாவஸ்கர் அதைக் குடுத்துப் பாத்து நிரூபிச்சார், அதுக்கப்புறம் சாவு ரொம்பக் குறைஞ்சுது. அதனால கடிச்சதுன்னு சொல்றதோட நிக்காதீங்க, பாம்பா தேளான்னும் சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.

யாழ்_வாசகன்:
சிஸ்டர் சொன்ன "மத்த பாம்பு" எங்களுக்குப் பெரிய பிரச்சினை. இலங்கையில இந்தியாவில செய்த அதே மருந்தைத்தான் கனகாலமாப் பாவிக்கினம். நாகத்துக்கும் புடையனுக்கும், அதாவது உங்கட கண்ணாடி விரியனுக்கும், அது உதவுது. ஆனா தெற்குப் பக்கத் தோட்டங்களிலயும் ஈரக் காடுகளிலயும் நிறையப் பேரைக் கடிக்கிறது கூன்மூக்கு விரியன், சிறுநீரகத்தைப் பழுதாக்கும், அதுக்கு இந்த மருந்து கேக்காது. கேரளாவிலயும் மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் அதே பாம்பு இருக்கு, அங்கயும் இதே நிலைமைதான். பாய்சனுக்கு எந்த நாட்டில செய்த முறிவும் எந்த நாட்டிலயும் வேலை செய்யும், சயனைட் எங்கயும் சயனைட்தான். வெனம் அப்பிடியில்லை, ஒரே இனப் பாம்பின்ர வெனமே இடத்துக்கு இடம் மாறும். அந்தந்த ஊர்ப் பாம்பில இருந்து எடுத்து அந்தந்த ஊருக்கு மருந்து செய்யவேணும் எண்டு வைத்தியர்மார் கேக்கிறதுக்குக் காரணம் இதுதான்.